குறையை முதலில் சொன்ன மங்கக்கா

மலாக்கா புக்கிட் பெருவாங்கில் வீடு வாங்கிக் குடிபோன அன்று, பால் காய்ச்சி முடித்து எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் கேசரியைத் தொடாமல், எங்கள் சமையலறைச் சுவரை விரல் நகத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக். ஜன்னலுக்குக் கீழே நின்று அதே இடத்தை மறுபடியும் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, இங்க உள்ள காலியா இருக்கு. நாலு டைல்ஸ் விழும். வூடு நல்லாத்தான் இருக்கு."

டைல்ஸ் ஒட்டிய காண்ட்ராக்டர் என் கணவருடைய அண்ணனின் நண்பர். அண்ணனும் நண்பரும் கேசரித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார்கள். என் மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக 'விழும்' என்று ஒரு பேச்சா?

எட்டு மாதம் கழித்து டைல்ஸ் விழுந்தது. நாலு இல்லை, ஐந்து. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தான் சொன்னது பலித்ததென்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சாவத நான் எப்பிடி விட்டேன்?"

இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பழைய இங்கிலீஷ் பீங்கான் தட்டும் கோப்பையும் வாங்கி விற்பவர்; பீங்கான் பாத்திரத்துக்கு மங்கு என்றும் பெயர், அதனால் மங்கு அக்கா. அது வாய்க்கு வாய் போய் மங்கக்கா ஆகியிருந்தது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பையன்கள் 'மங்கோக்' என்பார்கள். மலாயில் அதற்குக் கோப்பை என்றும் அர்த்தம், மண்டு என்றும் அர்த்தம். "நம்ம கோப்பைன்னே வெச்சுக்கலாம்லா" என்று அக்கா சிரிப்பார்.

படித்து வந்த வித்தையில்லை அது. மலாக்கா டவுனில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பழம்பொருள் கடையில் இருபத்திரண்டு வருடம் பீங்கான் கழுவிக் கற்றுக்கொண்டது. தவுக்கே இறந்ததும் பிள்ளைகள் கடையை மூடிவிட்டு, அதே இடத்தில் பழைய கடை மாதிரியே தோற்றமளிக்கும் புதிய காப்பிக் கடை ஒன்றைத் திறந்தார்கள். விலைபோகாமல் கிடந்த மூன்று பெட்டிச் சாமான்களை அக்காவுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடைசல், ஒட்டுச்சாமான், மூடியில்லாத டீ பாத்திரம். அந்த மூன்று பெட்டியில்தான் அவர் வியாபாரம் தொடங்கியது.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குக் கிளினிக் கவுண்டரில் வேலை, சனிக்கிழமை அரை நாள். அதனால் சனி மதியங்களில் நான் அவருடைய டிரைவர். மஸ்ஜித் தானா, அலோர் காஜா, தம்பின் என்று சுற்றாத இடமில்லை. பழைய ரப்பர் தோட்டத்து வீடுகளை விட்டு தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில், அலமாரி மேல் தட்டில் ஒரு பீங்கான் இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே கதைதான்: வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது துரைசானி கண் கலங்கி, தாத்தாவுக்குத் தன் கையாலேயே கொடுத்தது. எடுத்துக்கொண்டு வந்த தட்டு என்று ஒன்றுகூட இல்லை. இத்தனை தட்டையும் கொடுத்துவிட்டு அந்தத் துரைசானிகள் எதில் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அக்கா கதையைக் கேட்கமாட்டார். தட்டை அவரேதான் எடுக்கவேண்டும், வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதலில் நகத்தால் தட்டுவார். கணீரென்றால் முழுசு, பொத்தென்றால் எங்கோ விரிசல். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவார். கடைசியாக விளிம்பைப் பல்லில் வைத்து மெல்ல உரசுவார். உண்மையான பீங்கான் பல்லில் கண்ணாடி மாதிரி வழுக்கும். உடைந்த இடத்தில் மாவு பூசிச் சாயம் தீட்டியிருந்தால் பல் அதில் மெத்தென்று நிற்கும். இது தெரியாத வீட்டுக்காரர்கள் அவருக்குப் பசி என்று நினைத்து பிஸ்கட் கொண்டுவந்து வைப்பார்கள்.

அதன்பிறகு குறைகளைச் சொல்லத் தொடங்குவார். தங்கக் கோடு அழிந்தது, கைப்பிடி ஒட்டியது, உள்ளே டீக்கறை ஊறியது. எல்லாக் குறையும் முடிந்தபிறகுதான் "நல்ல சாமான்" என்பார். அதற்குள் பாதிப் பேர் தட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

விற்கும்போதும் அதேதான். மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனில் பழைய சாமான் சந்தை. மற்றவர்கள் 'அரியது', 'அபூர்வம்' என்று அட்டை எழுதி வைத்திருப்பார்கள். அக்காவின் அட்டை இப்படியிருக்கும்: 'காது ஒட்டவைத்தது. மூடி இதனுடையது இல்லை. அடியில் கீறல் ஏழு. இங்கிலாந்து.' ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதுல நல்லதுன்னு ஒன்னுமே இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"நல்லத நீங்களே பாத்துக்குவீங்க. கெட்டத நான்தானே காட்டணும்?"

அந்தப் பெண்மணி ஆறு கோப்பை வாங்கிப் போனார். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். அப்படிக் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மங்கக்கா சொல்லிவிட்டால் திருப்பிப் பார்க்கவே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள்.

தேய்மானம் என்றால் அவருக்கு உயிர். கத்தியும் முள்கரண்டியும் பட்டுப்பட்டு விழுந்த கோடுகள், அலமாரியில் இழுத்து இழுத்து வைத்ததில் அடிவளையம் சொரசொரப்பானது, கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பூ அழிந்தது. "சாப்ட்டிருக்காங்க பாத்தியா" என்று எனக்குக் காட்டுவார். "நூறு வருசத்துச் சாமான், மேல ஒரு கீறலும் இல்லன்னு எவனாவது சொன்னா, அவன் மூஞ்சியப் பாரு."

பீங்கானோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவருக்கு உறவு நிறைய இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

அக்காவின் தம்பி மகனுக்குப் பெண் பார்த்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பையன், அக்கா வளர்த்தவன். பெண் வீட்டார் சிரம்பானிலிருந்து இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். தேநீர் கொடுக்க நானும் போயிருந்தேன். மரியாதைக்கு, "பையன் எப்படிங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். மரியாதைக்கு மட்டும்தான் கேட்டார்.

"கோவம் வந்தா மூனு நாளு பேசமாட்டான்" என்றார் அக்கா. "ரெண்டு வேலைய விட்டுட்டான். ரெண்டும் அவன் மேலதான் தப்பு. குளிச்ச துண்ட கட்டில்லயே போடுவான். சிகரெட் இல்ல, தண்ணி இல்ல. நல்ல பையன்."

'நல்ல பையன்' வந்து சேர்வதற்குள் பெண்ணின் சித்தப்பா கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். வந்தவர்கள் போனதும் பையன் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். சரியாக மூன்று நாள். நாலாம் நாள் சிரம்பானிலிருந்து போன். பெண்ணுக்குச் சம்மதமாம். அதுவரை வந்த ஏழு மாப்பிள்ளைகளும் சொக்கத் தங்கமாம், அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்ததாம். அந்தக் கல்யாணம் நடந்தது. துண்டு இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது என்று அந்தப் பெண் போன மாதம்கூடச் சொன்னாள்.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. ஆயர் குரோ பக்கம் புது பங்களா கட்டியிருந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர், ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர், அக்காவை அழைத்தார். கண்ணாடி அலமாரியில் ஒரு தேநீர் செட். அந்தக் கால கவர்னர் குடித்தது என்று ஏலத்தில் எடுத்ததாம். அதை ஒரு கல்வி நிதிக்குத் தானமாகக் கொடுக்கப்போகிறார். மதிப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். நாளிதழில் படத்தோடு வருமாம்.

அக்கா தட்டினார், தடவினார், பல்லில் வைத்தார். டத்தோவின் மனைவி பிஸ்கட் கொண்டுவரச் சொன்னார்.

"நாலு கோப்பை ஒரு செட்டு. ரெண்டு வேற. டீ பாத்திரத்தோட மூக்கு ஒடஞ்சி மாவுல செஞ்சி ஒட்டியிருக்கு. கவர்னர் குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது டத்தோ. யாரோ நெறைய குடிச்சிருக்காங்க, தங்கம் பூரா தேஞ்சிருக்கு. வயித்துப் பகுதி நல்ல சாமான்."

டத்தோ சிரித்த முகம் மாறாமல் என்னைப் பார்த்தார். "தாள்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எழுதச் சொல்லுங்கம்மா. தானம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

அக்கா தாளை வாங்கி எழுதினார். முதல் வரியே மூக்குதான்.

டத்தோ வேறு நிபுணரைப் பிடித்தார். நிபுணர் டை கட்டியவர், பல்லில் எல்லாம் வைக்கவில்லை. விழாவில் அந்தப் பாத்திரத்திலேயே கொதிக்கக் கொதிக்கத் தேநீர் நிரப்பி, சிறப்பு விருந்தினருக்கு டத்தோ தன் கையால் ஊற்றினார். சூட்டில் பசை இளகி, மூக்கு விருந்தினரின் மடியில் விழுந்தது, பின்னாலேயே தேநீரும். நான் சொல்லச் சொல்ல அக்கா பதறிப்போனார்.

"பாத்திரம் கீழ விழுந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்பாடா. அது நல்ல வயிறு, பாவம்."

விருந்தினரின் மடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து டத்தோவின் ஆட்கள் இருக்கும் எந்த வீட்டிலும் அக்காவுக்குக் கதவு திறக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகளும் குறைந்தன. "அவங்க வந்தா ஏதாச்சும் சொல்லிருவாங்க" என்பது காரணம். அக்காவுக்கு வருத்தம் இருந்தது. ஒருநாள் காரில் போகும்போது, "எங்கிட்ட என்னா இருக்கு சொல்லு? காசு இல்ல, படிப்பு இல்ல. இந்த வாய் சொன்னா சரியா இருக்கும்னு நாலு பேரு நம்புறான். அதையும் விட்டுட்டா நான் வெறும் பாத்திரம் கழுவுனவதானே" என்றார். சொல்லிவிட்டு என் கார் கதவைத் தட்டிப் பார்த்து, "இத அடிபட்டு பெயிண்ட் அடிச்சித்தான் ஒனக்கு வித்துருக்கான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாய்க்கு ஒரு சோதனை புலாவ் செபாங்கில் வந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தாமான் வீடு. வரச்சொன்னவர் லாரி ஓட்டும் ஐம்பது வயதுக்காரர். அவருடைய அப்பாவுக்கு எண்பத்து நாலு, பழைய ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். ஹாலில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நீலத் தட்டு. மரம், பாலம், இரண்டு பறவை.

"துரைசானி அப்பாவக் கூப்ட்டு, ஒன்னைய மாதிரி ஆள பாத்ததில்லன்னு சொல்லி கையில கொடுத்தாங்கக்கா" என்றார் மகன். "நான் இத தொட்டதுகூட இல்ல. சின்ன வயசுல தோட்டத்துல எங்களை என்னா மாதிரி பேசுவானுங்க தெரியுமா? இந்தத் தட்ட நெனச்சிக்குவேன். விக்கணும்னு இல்ல, என்னா வெலன்னு தெரிஞ்சா போதும். நாலு பேருகிட்ட சொல்லலாம்."

பெரியவர் மூலையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். அவள் கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது.

அக்கா வழக்கம்போலச் சட்டத்தைத் தானே கழற்றி, தட்டைத் தானே எடுத்தார். தட்டினார். கணீரென்றது. மகன் முகம் மலர்ந்தது. விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு கீறல் இல்லை, ஒரு தேய்வு இல்லை. பின்பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பினார். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். நீல எழுத்தில், பளிச்சென்று, 'டிஷ்வாஷர் சேஃப்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

டவுன் சூப்பர்மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தத் தட்டு.

அக்கா நிமிர்ந்தார். அவர் பார்வை நேராகச் சமையலறை வாசலுக்குப் போனது. மருமகளின் கண்கள் நிரம்பியிருந்தன. தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. பழைய தட்டு எப்போதோ அவள் கையில் உடைந்திருக்கிறது, இதைத் தேடி வாங்கி வைத்திருக்கிறாள் என்று புரிய எனக்கே அதிக நேரம் ஆகவில்லை.

 அக்காவின் வாயை எனக்குத் தெரியும்.

"கொற என்னன்னா" என்று ஆரம்பித்தார் அக்கா. நிறுத்தினார். அவருடைய கட்டைவிரல் நகர்ந்துபோய் அந்த எழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. "இதுல தேய்மானம் பத்தாது தம்பி. யாரும் சாப்புடல. சாப்புடாத தட்ட வாங்க ஆளு இல்ல. இத விக்க முடியாது."

"அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம்க்கா, அதான்."

"ஆமா" என்றார் அக்கா. தட்டைச் சட்டத்துக்குள் வைத்து மூடினார். 

திரும்பும் வழியெல்லாம் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். அலோர் காஜா சிக்னலில் நின்றபோது, "காரத் திருப்பு" என்றார்.

"எதுக்குக்கா?"

"வெரல வெச்சி மறச்சிட்டேன் தங்கச்சி. அந்தப் பெரியவருகிட்டயாச்சும் சொல்லிட்டு வந்துர்றேன். அவரு தட்டு அது."

"சொன்னா அந்தப் பொண்ணு என்னாகும்?"

"அதான் எனக்கும் தெரியல. நீ திருப்பு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகன் லாரி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். பெரியவர் அதே நாற்காலியில் இருந்தார். அக்கா அவர் முன்னால் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, அந்தத் தட்டுக்குப் பின்னால எழுதியிருக்கறத நான் ஒங்க மகன்கிட்ட..." என்றார்.

"டிஷ்வாஷர் சேஃப்" என்றார் பெரியவர்.

அக்கா குனிந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருசமாச்சி தங்கச்சி. சட்டத்த தொடைக்கறப்ப எடுத்தேன், கனம் வேற மாதிரி இருந்துச்சி. முப்பது வருசம் கழுவுன கைக்குத் தெரியாதா? எனக்கு இங்கிலீஷ் வராது, பேத்திய படிக்கச் சொன்னேன். டிஷ்வாஷர்னா என்னான்னேன். தட்டு கழுவுறதுன்னு சொன்னா. துரை பங்களாவுல டிஷ்வாஷர் நான்தானே! என்னைய வெச்சி கழுவுனா ஒடையாதுன்னு எழுதியிருக்கான் போல, சரிதான்னு மறுபடி மாட்டிட்டேன்."

அவர் சத்தம் வராமல் சிரித்தார். எனக்கும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"மருமககிட்ட கேக்கலையா?"

"என்னாத்த கேக்குறது? அதே படம், அதே நீலம். எத்தன கடை ஏறி எறங்குச்சோ. பழைய தட்டு மட்டும் என்னா பெருசு? விரிசல் விட்டுருச்சின்னு குப்பையில போட்டாங்க, நான் எடுத்தாந்தேன். கையில கொடுத்தாங்கன்னு மகன் சின்னப்புள்ளையில அவனா சொல்லிக்கிட்டான். பள்ளிக்கூடத்துல அவன யாரோ ரொம்ப பேசிட்டாங்க. சரி சொல்லிட்டுப் போறான்னு உட்டுட்டேன்."

 பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இப்ப ஒன்னு இருக்கு. நீ விக்க முடியாதுன்னுட்ட. அவன் சும்மா இருக்கமாட்டான், இன்னொரு ஆளக் கூட்டியாருவான். எல்லாருக்கும் ஒன் வெரலு இருக்காது. அந்த எழுத்த எடுத்துரு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில், ரப்பர் பால்வெட்டுக் கத்தி தீட்டும் பழைய கல் ஒன்று கிடந்தது. மங்கக்கா புடவையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கல்லை நனைத்தார். தட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். பெரியவர் பக்கத்தில் குனிந்து நின்று, "அழுத்தாத. வட்டமா தேயி. ஓரத்துலயும் கொஞ்சம் தேயி, இல்லன்னா சந்தேகம் வந்துரும்" என்று வேலை வாங்கினார். அக்காவின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

'சேஃப்' போய்விட்டது. 'டிஷ்' மட்டும் பாக்கியிருந்தபோது மருமகள் பின்வாசலுக்கு வந்தாள். மாமனாரையும் தட்டையும் கல்லையும் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சோப்பு எடுத்தாம்மா" என்றார்.

அவள் சோப்பு எடுத்து வந்தாள். கையில் கொடுக்காமல், உட்கார்ந்து தானே கழுவ ஆரம்பித்தாள். தட்டைக் கழுவி முடித்தபிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டு வாசலில் அந்த மகன் வந்து நின்றார். மார்போடு அணைத்த துண்டுக்குள் தட்டு. நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, நீங்க அன்னிக்கி சரியா பாக்கல" என்றார், உற்சாகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல். "அப்பாதான் சொன்னாரு, பின்னாடி பாருடா, அந்தம்மாகிட்ட மறுபடி கொண்டுபோயி காட்டுன்னு. பாருங்க, எப்பிடி தேஞ்சிருக்கு! எழுத்துகூட பூரா போயிருச்சி. எவ்ளோ பழசு!"

அந்தக் கிழவரின் குறும்பை நினைத்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே எட்டிப் பார்த்தேன்.

அக்கா தட்டை வாங்கித் திருப்பினார். தட்டவில்லை, பல்லில் வைக்கவில்லை. அந்தச் சொரசொரப்பான இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"ஆமா தம்பி. நல்லா தேச்சிருக்கு."

மகன் காதில் அது 'தேஞ்சிருக்கு' என்று விழுந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.